வாலுக்கு வச்ச மை

உக்காருங்கப்பா, உக்காருங்க. பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, முன்னாடி இருக்கறவங்க வாய மூடுங்க. யாருப்பா அது போன்ல? "அப்புறம் பேசறேன், அப்புறம் பேசறேன்"னு சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் பேசியாச்சு, வைங்க. தூங்கறவங்க தாராளமா தூங்கலாம். கொறட்டைய மட்டும் கொஞ்சம் அடக்கி விடுங்க. கதையில ஒரு ஆமை வருது. ரெண்டு சத்தமும் ஒண்ணு போல இருக்கும், எது எதுன்னு தெரியாமப் போயிடும்.

ஒரு காட்டுல ஒரு குட்டை. எருமைக்குட்டைன்னு பேரு. ஏன்னா ராக்கம்மான்னு ஒரு எருமை, விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் அதுலயே ஊறிக் கெடக்கும். அந்தக் குட்டைக்குப் பிரதிநிதியும் அதுதான். மாசத்துக்கு ஒரு தடவ காட்டுச் சபைக்குப் போகும், உக்காரும், அசை போடும், திரும்பி வந்து தண்ணியில எறங்கும். "நம்ம குட்டைக்கு என்னக்கா கேட்டீங்க?"ன்னு கேட்டா, "ம்ம்ம்ம்"னும். அஞ்சு மழைக்காலமா எருமைக்குட்டையோட குரல் அந்த ம்ம்ம்ம்தான்.

இது ஒருத்தருக்கு மட்டும் பொறுக்கல. தவளை தம்புசாமி. நம்ம ஆளு மாதிரியே வச்சுக்குங்களேன். தொப்பை இருக்கும், தொண்டை இருக்கும், எத எடுத்தாலும் ஒரு கருத்து இருக்கும். ஒரு டீ ஆறறதுக்குள்ள நாட்டையே திருத்திடற சாதி. தாமரை எலை மேல ஏறி நின்னுக்கிட்டு, "இந்தக் குட்டைக்குப் பேசத் தெரிஞ்ச பிரதிநிதி வேணும்!"னு கத்துவாரு. அந்தப் பேசத் தெரிஞ்சவர் யாருன்னு அவரு சொல்ல மாட்டாரு. தொப்பைய மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளிக் காட்டுவாரு.

அவருக்கு ஒரு சம்சாரம். பேரு பேச்சியம்மா. பேருதான் அப்பிடி. தவளையில ஆம்பளைங்கதான் கத்தும், பொம்பளைங்க கத்தாது. அதுலயும் பேச்சியம்மா சுத்தம். கல்யாணமாகி இத்தன நாள்ல அது பேசி யாரும் கேட்டதில்ல. பேசறதுக்கு அவரு எடம் விட்டாத்தானே!

அந்தக் காலத்துல காட்டுல தேர்தல்னா சத்தம் போடறதுதான். யாருக்கு சத்தம் அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க. கொரங்கு மூணு மரத்துலேருந்து மூணு தடவ கத்திட்டுப் போகும். காக்கா, செத்துப்போன தாத்தாவுக்கும் சேத்துக் கரையும். போன தேர்தல்ல தம்புசாமியும் நின்னாரு. ராத்திரி பகலா நாலு நாள் கத்தினாரு. கடைசியில ராக்கம்மா ஒரே ஒரு ம்ம்ம்ம் போட்டுச்சு. காடே அதிர்ந்துச்சு. முடிஞ்சு போச்சு.

"இது தேர்தலே இல்ல! ஒரு உயிருக்கு ஒரு ஓட்டு! ஓட்டுப் போட்டவனுக்கு மை வைக்கணும்!"னு கெளம்பிட்டாரு. மூணு மாசம் சேத்துக்குள்ள பொதஞ்சு கெடந்து போராட்டம். வெயில் காலம் வந்தா எந்தத் தவளையும் சேத்துக்குள்ளதான் கெடக்கும். இவரு மேல ஒரு பேனர் வச்சிருந்தாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மழை வந்துச்சு, சட்டமும் வந்துச்சு. தேர்தல் ஆபீசரா ஒரு ஆமையப் போட்டாங்க. அது வந்து சேரவே ஒரு வாரம். வந்ததும் கூட்டம் போட்டுச்சு. மூக்கப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொல்லிப் பாருங்க, ஆமை அப்பிடித்தான் பேசும்.

"மை... எங்க... வைக்கிறது?"

"விரல்ல வைங்க சார்."

"பாம்புக்கு?"

"கொம்புல வைங்க."

"மொயலுக்கு?"

"அப்பக் காதுல."

"மீனுக்கு... ஏது... காது?"

தம்புசாமி ஒரே தாவு, கூட்டத்துக்கு நடுவுல. "வால்! வால்ல வைங்க! வாலில்லாதவன் இந்தக் காட்டுல எவன் இருக்கான்?"

கைதட்டு தூள் பறக்குது. பக்கத்துல இருந்த பேச்சியம்மா அவரு தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுச்சு. "சும்மா இரு பேச்சி, பெரிய விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்"னு உதறி விட்டுட்டாரு.

தவளைக்குக் கழுத்து கெடையாது பாருங்க, பின்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது. சின்னப்புள்ளையா நீந்திக்கிட்டிருந்தப்ப இவருக்கும் ஒரு வால் இருந்துச்சு. அது இன்னும் அங்கதான் இருக்கும்னு நெனச்சுட்டாரு. சிரிக்காதீங்க. பள்ளிக்கூடத்துல ஓடின ஓட்டத்த நெனச்சுக்கிட்டுத்தானே நாமளும் பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடறோம்!

பேர் பதியற அன்னிக்கு மொத ஆளா க்யூவுல நின்னாரு. படிவத்துல மூணே கேள்வி. பேரு, பொந்து நம்பர், வாலின் நீளம். மொத ரெண்ட நெரப்பிட்டு நீட்டினாரு.

"வால்... நீளம்... எழுதலயே?"

"எனக்கு எட்டல சார். நீங்களே அளந்து போட்டுக்குங்க."

"திரும்புங்க."

திரும்பினாரு. ஆமை கண்ணாடியப் போட்டுச்சு. கழட்டித் தொடச்சுச்சு. மறுபடி போட்டுச்சு.

"முதுகு... இருக்கு. அதுக்கப்புறம்... குட்டைதான்... தெரியுது."

"நல்லாப் பாருங்க சார், ஈரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும்."

"ஒட்டல."

"சார், இந்தச் சட்டத்தக் கொண்டு வந்தவனே நான்தான் சார்!"

"தெரியுமே. சட்டத்துல... உங்க பேர் இருக்கு. பட்டியல்லதான்... வராது. ஓட்டு இல்லாதவரு... வேட்பாளராவும்... நிக்க முடியாது. அடுத்து யாரு?"

அடுத்து யாருன்னு பாத்தா அவரு பெத்த புள்ளைங்க! பத்து நாளைக்கு முன்னாடி பொரிச்ச தலைப்பிரட்டைங்க, முந்நூத்துச் சொச்சம். "தள்ளுங்கப்பா, தள்ளுங்க"ன்னு வால ஆட்டிக்கிட்டு வருதுங்க.

"வால்... இருக்கு. எழுதிக்கறேன்."

"சார், அது பச்சப்புள்ளைங்க சார்! முட்டைக்குள்ளேருந்து இப்பத்தான் வெளிய வந்துச்சு!"

"சட்டத்துல... வயசு... போட்டிருக்கா?"

போடல. யாரு எழுதின சட்டம்? படிவத்த மடிச்சுக்கிட்டு க்யூவ விட்டு வெளிய வந்தாரு.

இப்பக் கணக்கப் பாருங்க. குட்டையில தவளைக்கு ஓட்டு இல்ல. தலைப்பிரட்டைக்கு இருக்கு, மீனுக்கு இருக்கு. இத மொதல்ல புரிஞ்சுக்கிட்டது கனகவேல்னு ஒரு கொக்கு.

குட்டைக்கு நடுவுல ஒரு கல்லு உண்டு. அதுல பிரதிநிதிதான் ஏறலாம்னு பழைய சட்டம். கொக்கு கரையோட சரி. கரையிலேருந்து எட்டிக் கொத்தினா என்ன கெடைக்கும்? அதனால கனகவேல் வேட்புமனு போட்டுட்டாரு. வெள்ள வெளேர்னு வந்து, ஒத்தக் கால்ல நின்னு, கண்ண மூடி ஒரு கும்பிடு.

"என் உடன்பிறப்பான வாலுள்ள மக்களே! நான் ஜெயிச்சா, வாலுள்ள ஒரே ஒரு உயிர் மேல கூட என் மூக்கு படாது. இது சத்தியம்!"

தண்ணி முழுக்க வால் ஆடுது. மீனெல்லாம் துள்ளுது. தம்புசாமி ஓரமா நின்னு கேட்டாரு: "ஏங்க, மீனத் தொட மாட்டீங்க, புள்ளைங்களத் தொட மாட்டீங்க. அப்ப எதத்தான் சாப்பிடுவீங்க?"

கனகவேல் ஒரு கண்ணத் தெறந்து அவர மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. "மக்களோட அன்பு போதும் தம்பி"ன்னாரு. பாத்தது அன்பாத்தான் பாத்தாரு, இல்லைன்னு சொல்ல முடியாது.

தம்புசாமி அன்னிக்கு சாயங்காலமே புள்ளைங்களக் கூட்டி உக்கார வச்சாரு. பேச்சியம்மா பக்கத்துல.

"டேய், அந்த ஆளுக்குப் போடாதீங்கடா. இன்னும் ஒரு மாசத்துல உங்களுக்குக் கால் மொளைக்கும். வால் கரைஞ்சு போயிடும். அப்ப உங்களத் தின்னுடுவான்டா."

மூத்தவன் குட்டான் சொன்னான்: "உங்களுக்குக் கரைஞ்சிருச்சுன்னா நீங்க சரியாப் பாத்துக்கலப்பா. நாங்க நல்லாப் பாத்துக்குவோம்."

"டேய், நானும் உன்ன மாதிரிதான்டா இருந்தேன்!"

"எல்லா அப்பாவும் இதையேதான் சொல்றாங்க."

"அவருக்கு ஓட்டு இல்லல்ல, அந்த வயித்தெரிச்சல்"னு பின்னாடிலேருந்து ஒண்ணு.

"சரிடா, எனக்காக ராக்கம்மாவுக்குப் போடுங்கடா. பாவம்டா அது."

"நீங்கதானப்பா சொன்னீங்க, அது வாயில்லாத தண்டக்கருமாந்தரம்னு?"

சொன்னாருதான். ஒரு தடவயா சொன்னாரு? தாமரை எலை மேல நின்னு தெனம் காலைல, சாயங்காலம் சொன்னாரு. புள்ளைங்க நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கு.

ஓட்டுப்பதிவு அமோகமா நடந்துச்சு. ஒவ்வொண்ணும் மை வச்ச வால தண்ணிக்கு மேல தூக்கித் தூக்கிக் காட்டுது. தம்புசாமி நூறு அடி தள்ளி, கயித்துக்கு அந்தாண்ட நின்னு பாத்தாரு. கள்ள ஓட்டு ஒண்ணு இல்ல. கொரங்கு ஒரு தடவதான் போட்டுச்சு. காக்காவோட தாத்தா வரவே இல்ல. அவரு கனவு கண்ட தேர்தல் அச்சு அசலா அப்பிடியே நடந்துச்சு. அத நெனச்சு ஒரு நிமிஷம் அவருக்குக் கண்ணு கூட கலங்கிருச்சு. அவ்வளவு நல்ல மனுஷன். சாரி, தவளை.

கனகவேல் ஜெயிச்சாரு. ராக்கம்மா "ம்ம்ம்ம்"னுட்டு எழுந்து, சேத்த ஒதறிட்டு, வேற குட்டை தேடிப் போயிருச்சு.

அது போன மூணாம் நாளு தண்ணி தெளிஞ்சுச்சு. பளிங்கு மாதிரி அடி வரைக்கும் தெரியுது. எல்லாரும் "ஆகா, தலைவர் வந்த நேரம்!"ங்கறாங்க. தம்புசாமிக்கு மட்டும் அப்பத்தான் மண்டையில ஒறைச்சுச்சு. அந்த எருமை சபையில ஒண்ணும் பேசலதான். ஆனா நாள் பூரா குட்டையக் கலக்கிக்கிட்டே கெடந்துச்சு. அந்தக் கலங்கல்ல ஒரு கொக்குக்கும் ஒரு தவளையும் தெரியல. அதுக்கே தெரியாம அது செஞ்ச வேலை அது.

கனகவேல் கல்லு மேல ஏறினாரு. அவரப் பத்தி நாம பொய் சொல்லக் கூடாது. சொன்ன சொல்லக் காப்பாத்தினாரு. ஒரு மீனத் தொடல. ஒரு தலைப்பிரட்டையத் தொடல. பசிச்சாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. பல்லு இல்ல, ஆனாலும் கடிச்சாரு. பெரிய தவளைங்கதான் ஒவ்வொண்ணா கொறைய ஆரம்பிச்சுச்சு. அதுங்க வாக்காளரே இல்லங்கறதால அது ஒரு செய்தியாவே வரல.

அப்புறம் புள்ளைங்களுக்குக் கால் மொளைச்சுச்சு. பின்னங்கால் ரெண்டு, முன்னங்கால் ரெண்டு. வால் நாளுக்கு நாள் சுருங்குது. ஒரு நாள் சாயங்காலம் குட்டான் மூச்சு வாங்க ஓடி வந்தான். பின்னாடி அரிசி மாதிரி ஒரு துளி வால்தான் மிச்சம்.

"அப்பா! கனகவேல் அண்ணன் தெனம் காலைல வால அளக்கறாருப்பா. இன்னிக்கு எனக்கு அளந்துட்டு, 'இன்னும் கொஞ்சம் இருக்குடா தம்பி, நாளைக்கு வா'ன்னாருப்பா!"

தம்புசாமி புள்ளைங்கள எண்ணிப் பாத்தாரு. பதினோரு பேரக் காணோம். மறுபடி எண்ணிப் பாத்தாரு. பதினோரு பேரத்தான் காணோம்.

நேரா கல்லுக்கு ஓடினாரு. மூக்குக்கு எட்டாத தூரத்துலயே நின்னுக்கிட்டு, "எம்புள்ளைங்க உனக்கு ஓட்டுப் போட்டவங்கய்யா!"ன்னு கத்தினாரு.

"என் மேல ஒரு குத்தம் சொல்லு தம்பி, இப்பவே ராஜினாமா பண்றேன். வாலுள்ள யாரையாவது தொட்டிருக்கேனா?"

இல்லதான்.

அங்கேருந்து ஆமை ஆபீசருகிட்ட ஓடினாரு. "இந்த ஆளத் திரும்பக் கூப்பிட வழி இருக்கா சார்?"

"இருக்கே. வாக்காளருங்க... பாதிப் பேரு... கையெழுத்துப் போடணும்."

"போட்டவங்களத்தான் சார் அவன் தின்னுக்கிட்டிருக்கான்! மீதி இருக்கறவங்களுக்கும் வால் போச்சு!"

"வால் இல்லன்னா... வாக்காளர்... இல்லையே. மீனுங்ககிட்ட... கேட்டுப் பாருங்க."

மீனுங்ககிட்ட கேட்டாரு. "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்களே"ன்னுச்சுங்க. அந்தப் பக்கம் புதுசா ஒரு ஈடு பொரிச்சிருக்கு. பொரிச்ச சூட்டோட, "அண்ணன் வாழ்க!"ன்னு வால ஆட்டுதுங்க.

மிச்சம் இருக்கற தவளைங்க எல்லாம் கோரைப்புல்லுக்குள்ள ஒளிஞ்சு கூடுச்சுங்க. மூச்சு விடற சத்தம் கூட இல்ல. பேச்சியம்மா மிச்ச புள்ளைங்கள வயித்தோட அணைச்சுக்கிட்டு, குட்டானோட அந்த அரிசி வால ஒரு கையால பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. அப்பயாவது நம்மாளு சும்மா இருந்தாரா? ஒரு எலை கண்ணுல பட்டுச்சு, ஏறிட்டாரு.

"தோழர்களே! சட்டத்துல சின்னதா ஒரு ஓட்டை விழுந்து போச்சு, ஒத்துக்கறேன். அடுத்த சீர்திருத்தம் ரெடி! காலுள்ளவனுக்கும் ஓட்டு! அதுக்காக நாளைக்குக் காலைலேருந்து, நான், தம்புசாமி, சாகும்வரை உண்ணாவிரதம்!"

கைதட்டறதா, ஓடறதான்னு யாருக்கும் தெரியல. அப்ப ஒரு குரல் கேட்டுச்சு. யாரு குரல்னு எல்லாரும் சுத்தும் முத்தும் பாத்தாங்க. பேச்சியம்மா.

"நீங்க சாப்பிடாம இருந்து யாருக்கு என்னங்க ஆவப் போவுது? முடிஞ்சா அந்தக் கொக்க இருக்கச் சொல்லுங்க."

நீதி: சொன்னத சொன்னபடி செய்யற தலைவர் வந்தா, அவரு சொன்னப்ப நம்மளச் சொன்னாரான்னு பாத்துக்குங்க. அதுக்கெல்லாம் நேரம் இல்லாதவங்க, ஒண்ணும் செய்யாம ஊறிக் கெடக்கறதாப் பாத்து ஓட்டுப் போட்டுட்டுப் போங்க. உசுராவது மிஞ்சும்.