மாப்பிள்ளை டம்ளர்

உளி பிடிக்கிறவனுக்குத் தன் வேலையைப் பார்த்துப் பெருமை வந்துவிட்டால், வேறு யாருக்கோ கெட்ட நேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. லாரி கிளீனர், அரிசி மண்டி, அம்பத்தூர்ப் பட்டறை என்று சுற்றிவிட்டு, சோற்றுக்கு வழியில்லாமல் பூந்தமல்லி வந்தேன். அங்கே பாத்திரத்தில் பெயர் வெட்டும் கடை வைத்திருந்த காசிம், என் வயதுக்காரன், சேர்த்துக்கொண்டான். (எழுபதுகளின் தொடக்கம். பெயர் வெட்டாத சொம்பை இரவல் கொடுத்தால் திரும்பி வராத காலம்.)

கோவில்பதாகையிலிருந்து சண்முகம் அண்ணன் வந்தார். ஆலையில் சம்மட்டி அடிப்பவர். அவர் கை என் தொடை அளவு. மகள் விமலாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை காபி குடிக்க ஒரு வெள்ளி டம்ளர். அதில் மாப்பிள்ளை சேகரின் எஸ்ஸும் விமலாவின் வீயும் கொடிபோலப் பின்னியிருக்க வேண்டும்.

“சம்பந்தியம்மா வெள்ளி லேசா கீதுன்னு மூஞ்சத் தூக்கிகினு போச்சு, தம்பி. எதுனா கோளாறுன்னா கல்யாணமே நின்னுடும். அப்பால நீ இந்தப் பக்கம் நடமாட முடியாது” என்றார் சாந்தமாக. அந்தச் சாந்தம்தான் பயமாக இருந்தது.

டம்ளர் நெளியாமலிருக்க உள்ளே அரக்கை உருக்கி ஊற்றி, இறுகிய பிறகு வெளியே வெட்டுவோம். முடிந்ததும் சூடு காட்டி அரக்கை எடுத்துவிடுவோம். எஸ்ஸை வளைத்தேன், அதன் மேல் வீயை ஏற்றினேன். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் அழகுக்காக இன்னொரு முறை ஆழமாக இழுத்தேன். அரக்கை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சொட்டவில்லை. எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

காசிம் அப்போது ஊரில் இல்லை. அண்ணன் எங்கள் இருவரையும் அழைத்திருந்த கல்யாணப் பந்தலுக்குத்தான் நேரே வந்தான். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்குக் காபி எடுத்துவர, பெண்ணின் தம்பி டம்ளரோடு உள்ளே போனான்.

“மாமே, சுடுதண்ணி ஊத்திப் பாத்தியா?” என்றான் காசிம்.

“பச்சத்தண்ணி ஊத்துனேன். ஒழுகல.”

“பச்சத்தண்ணிக்கு இன்னா தெரியும்? ஓட்ட உழுந்து, அதுல அரக்கு அடைச்சுகினு இருந்தா? சூடு பட்டா உருகிடும்டா.”

பயந்தால் வயிற்றில் புளி கரையும் என்பார்கள். எனக்கு அரக்கே உருகியது.

“ஓடிடலாமா?”

“வாசல்ல சண்முகண்ணன் நிக்கிறாரு. அவரத் தாண்டி ஓடுவியா?”

அதற்குள் காபி வந்துவிட்டது, ஆவி பறக்க. சேகர் வாங்கி ஒரு வாய் குடித்தான். பக்கத்தில் அவன் அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத பக்கத்தில், இரண்டு எழுத்தும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு சொட்டு அரும்பியது. அய்யனார் முதல் காசிமின் தர்கா வரை எல்லோரையும் கூப்பிட்டேன்.

சேகர் சொட்டைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். வாசலில் பல்லெல்லாம் தெரிய நின்ற மாமனாரைப் பார்த்தான். கட்டைவிரலால் ஓட்டையை அழுத்திக்கொண்டான். அவன் கண்ணில் நீர் முட்டியது.

சண்முகம் அண்ணன் கிட்டே வந்தார். “டிசைன் புடிச்சிருக்கா மாப்ளே?”

“கைய எடுக்கவே மனசு வரல, மாமா.”

“எங்க, காட்டு பாக்கலாம்” என்றாள் அம்மா.

“குடிச்சிட்டுத் தரேம்மா.” கொதிக்கும் காபியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத்தான் டம்ளரைக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வெள்ளி லேசுதான். வேலை நல்லா கீது” என்றாள்.

கொப்புளித்த கட்டைவிரலோடு சேகர் தாலி கட்டினான். அவன் கை நடுங்கியதை வெட்கம் என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

மறுவாரம் சேகர் கடைக்கு டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து மேசைக்கு அடியில் புகுந்தேன். “வெளிய வா, அண்ணாத்தே. ஓட்டைய அடை. பின்னலத் தொடாதே” என்றான். அன்றிலிருந்து சிநேகிதம்.

இப்போதும் அவர்கள் வீட்டில், பேரன் செய்த தப்பைச் சேகர் பூசி மெழுகினால், விமலா அடுப்படியிலிருந்தே சொல்வாள்: “கைய எடுய்யா, ஒழுகட்டும்.”