முதுகில் ஏறிய கோபுரம்

புதுச் சட்டை இல்லாமல் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போவதில்லை என்று அறிவரசன் புதன்கிழமை காலையில் சபதம் எடுத்தான். மனதுக்குள்தான் எடுத்தான். அந்த வீட்டில் வாய்விட்டுச் சபதம் எடுக்கிற உரிமை கலையரசிக்கு மட்டுமே உண்டு.

கலையரசி அவன் மனைவி. அவளுடைய அக்கா பஞ்சவர்ணத்தை கங்கைகொண்ட சோழபுரத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணத்தின் மகள் அபிநயாவுக்குக் காதுகுத்து. குலசாமிக்குக் கிடா வெட்டு. சகலை தர்மன் வீட்டுக் கறிக்குழம்பை நினைத்தாலே அறிவரசனுக்கு நாக்கு நனைந்துவிடும். அந்தப் பந்தியில் புதுச் சட்டையோடு முதல் ஆளாக உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

அறிவரசன் குரும்பலூர்க்காரன். பெரம்பலூரில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நின்றுபோன எந்த மோட்டாரையும் ஓட வைத்துவிடுவான். பெண்டாட்டியின் ஓடுகிற பேச்சை நிறுத்தத்தான் தெரியாது.

கலையரசிக்கு எதையும் தூக்கிப் போடப் பிடிக்காது. சந்தையில் பழைய துணி விற்கிறவளிடம் ஒரு முழம் பட்டுக் கரை கிடைத்துவிட்டால் போதும், தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்ட மாதிரி வீட்டுக்குள் நுழைவாள். அன்று வடை நிச்சயம். பிறகு ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவாள். மிக்சி பூப்போட்ட பாவாடை கட்டி நின்றது. சிலிண்டர் கொஞ்சம் வளர்ந்த பெண் என்பதால் அதற்குத் தாவணி.

அறிவரசன் முதலில் லேசாக நூல் விட்டுப் பார்த்தான்.

"கலை, ஞாயித்துக்கெழம எந்தச் சட்டைய போடறது?"

"ஏன், அந்தச் சந்தனக் கலரு சட்டைக்கு என்ன வந்துச்சு?"

"அது பழசும்மா."

"நானுந்தான் பழசு. மாத்திப்புடுவீங்களா?"

"இல்ல... ஊரு உலகமெல்லாம் புதுசு உடுத்திக்கிட்டு வரும்..."

"வரட்டும். தோச ஆறுது, சாப்புடுங்க."

சோள தோசை. பக்கத்தில் வேர்க்கடலைத் துவையல், மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய். புரட்சி பேச வந்த வாய் தோசைக்குப் போய்விட்டது. கடைசி விள்ளலை விழுங்கிய பிறகுதான் தோற்றது தெரிந்தது.

பேசிப் பயனில்லை, சட்டையையே ஒழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான். கொல்லைக் கதவில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையை அதில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தான். டர்ர்ர்!

"என்னாங்க சத்தம்?" அடுப்படியிலிருந்து கலையரசி கேட்டாள்.

"அய்யய்யோ, சட்ட கிழிஞ்சிருச்சு கலை!"

"நல்லதாப் போச்சு. காலையிலேருந்து என்னத்தக் கிழிச்சீங்கன்னு இனிமே உங்கள ஒருத்தரும் கேக்க முடியாது."

சாயங்காலம் அவன் கடையிலிருந்து வந்தபோது கிழிசல் இருந்த இடத்தில் ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருந்தது. சிவப்பு மூக்கு, கழுத்தில் ஆரம் வேறு. கிளி அவனையே பார்ப்பது போல இருந்தது.

வியாழக்கிழமை முருங்கைக்காய்க் குழம்பு. அந்தக் கிளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கரண்டிக் குழம்பைத் தன் வயிற்றின் மேல் தானே ஊற்றிக்கொண்டான். நல்ல குழம்பு. ஊற்றும்போது அவனுக்கே மனசு வலித்தது.

"கறை போவாதுல்ல கலை?" என்று ஆவலாகக் கேட்டான்.

"எதுக்குப் போவணும்? இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் கறை முழுவதும் சாமந்திப் பூவாக மலர்ந்திருந்தது. மஞ்சள் நூல் கொஞ்சந்தான் ஆயிற்றாம், மீதியை மஞ்சள்பொடியே பார்த்துக்கொண்டதாம்.

அறிவரசன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டையை விரித்து, முதுகுக்கு நடுவே சூடான அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டு, தென்னை மரத்தில் எத்தனை குரும்பை என்று பார்க்கப் போனான். பொசுங்கின வாடை வந்த பிறகும் அவசரப்படாமல் திரும்பி வந்தான். சட்டையில் அயர்ன் பாக்ஸ் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. காப்பிப்பொடி நிறம். கூர்முனை மேலே.

"கலை! சட்ட போச்சு!" சோகமாகக் கத்த நினைத்தான். குரலில் சந்தோஷம் ததும்பிவிட்டது.

கலையரசி வந்தாள். சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அவள் முகம் வாட வேண்டும். அதற்குப் பதிலாக மெல்ல மெல்ல மலர்ந்தது.

"ஏங்க, அடி அகலமா, மேல போவப் போவக் குறுகி... இது நம்ம அக்கா ஊருக் கோயில் கோபுரமாட்டம் இல்ல?"

"இல்ல, இது அயர்ன் பாக்ஸாட்டந்தான் இருக்கு."

"உங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

அடுத்த நிமிடம் பீரோ திறந்தது. சந்தையில் வாங்கிய அரக்குப் பட்டுக் கரை வெளியே வந்தது. அதைக் கருகின இடத்தில் வைத்து ஒட்டுப் போட்டு, சட்டையைப் பூவேலை வளையத்தில் இறுக்கி, சனிக்கிழமை முழுவதும் குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். அடுக்கடுக்காக மாடங்கள் எழுந்தன. சங்கிலித் தையலில் தூண்கள். காம்புத் தையலில் படிகள். அறிவரசன் கோபமாகத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஆனால் நேரம் போகப் போகக் கோபத்தை எங்கே வைத்தான் என்று மறந்துவிட்டான். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான். "கலசத்துக்கு இந்த மஞ்ச வேணாம், ஜரிகையப் பிரிச்சுப் போடு. அப்பத்தான் மின்னும்" என்று யோசனை வேறு சொன்னான். தன் சபதத்தின் சமாதிக்குத் தானே கலசம் வைத்தது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே வேலை தொடங்கிவிட்டது. அரியலூர் தாண்டியதும் பின்சீட்டில் பட் பட் என்று சத்தம். திரும்பினான். ஓர் அம்மாள் அவன் முதுகைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"திரும்பாதய்யா, சாமி கும்புட்டுக்கிறேன்" என்றாள்.

சீட்டில் சாயப் போனான். "சாயாதீங்க, கோபுரம் நசுங்கும்" என்றாள் கலையரசி. ஜெயங்கொண்டம் வரைக்கும் விறைப்பாக உட்கார்ந்து போனான்.

காதுகுத்து வீட்டில் பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "நம்ம ஊருக் கோயிலு!" "அந்த ஜரிகையப் பாருடி!" கிழவிகள் கும்பிட்டார்கள். மற்றவர்கள் போன் எடுத்தார்கள். அன்று அத்தனை பேர் ஸ்டேட்டஸிலும் அறிவரசன் இருந்தான். முகம்தான் இல்லை. "எங்களுக்கும் சொல்லித் தா கலை" என்று பஞ்சவர்ணம் தங்கையைக் கட்டிக்கொண்டாள். கலையரசி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அறிவரசனுக்குக்கூட ஒரு கணம் பெருமையாக இருந்தது.

அந்தக் கணம் பந்தி வரைக்கும்தான் தாங்கியது.

முதல் ஆளாக உட்கார்ந்தான். இலை விழுந்தது. சோறு விழுந்தது. தர்மன் கறி வாளியோடு வந்தவன், அவன் முதுகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"சகலை, என்ன இது? கோபுரத்த முதுகுல சுமந்துக்கிட்டுக் கறி திங்கலாமா?"

"சாமி முதுகுலதான இருக்கு சகலை. வாயி முன்னாடில்ல இருக்கு."

"வேணாம் சகலை. நாலு பேரு கும்புட்ட முதுகு. விரதக்காரங்களுக்குச் சாம்பார் வச்சிருக்கோம், அந்தாண்ட போய் உக்காருங்க."

சட்டையைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தான். உள்ளே போட்டிருந்த பனியனில் பூ வேலை கிடையாது. ஓட்டைகள் மட்டுமே இருந்தன. எழுந்து போனான்.

சாம்பார் இலையிலிருந்து பார்த்தால் அசைவப் பந்தி நன்றாகத் தெரிந்தது. அவன் எழுந்த இடத்திலேயே கலையரசியின் தம்பி விக்கி உட்கார்ந்திருந்தான். குழந்தையை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன். பளபளவென்று வான நீலத்தில் புத்தம்புதுச் சட்டை. நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சினான்.

கலையரசி அப்பளம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா?" என்றான் அறிவரசன். "உன் தம்பிக்குப் புதுச் சட்ட எடுத்துக் குடுக்கக்கூட ஆளு இருக்கு."

"நாந்தான் எடுத்தேன்."

"அவனுக்கா?"

"உங்களுக்குத்தான். போன வாரமே எடுத்து, ஞாயித்துக்கெழம காலையில குடுக்கலாம்னு ஒளிச்சு வச்சிருந்தேன். புதன்கெழம அடுப்படி ஜன்னல்ல எட்டிப் பாத்தா, நீங்க ஆணியோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. புதுச் சட்ட உங்க கையில தாங்காதுன்னு தம்பிக்கிட்ட குடுத்துட்டேன்."

கலையரசி அவன் இலையில் ஓர் அப்பளத்தை வைத்துவிட்டு, தம்பி இருந்த பக்கம் பார்த்துக் கவலையாகச் சொன்னாள்:

"அவனுக்குத்தான் கொஞ்சம் லூசா இருக்கு, பாவம்."