பதினொரு பக்கத்தில் ஒரு மனு

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லாரும் ஓர் எழுத்து விடாமல் படித்தது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மனு. யாராவது ஒருவர் அதைப் பாதியில் மூடி வைத்திருந்தால் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

அப்போது எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி, எனக்குப் பத்தொன்பது வயது. பிரெவே என்னும் பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறிவிட்டு உத்தியோகத்துக்காகக் காத்திருந்தேன். (நான் காத்திருப்பது உத்தியோகத்துக்குத் தெரியாது.) எனக்குக் கனவுகூட பிரெஞ்சில்தான் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுக்களைக்குள் வரும் பூனையைப் பிரெஞ்சு மரியாதையோடு, "தயவுசெய்து வெளியேறுங்கள், மதாம்" என்றுதான் விரட்டுவேன். அது போகாது. அம்மா தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் ஓடிவிடும்.

அப்பா தையல்காரர். வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு ஒண்டிக்குடித்தனம். அந்த வருஷம் அக்கா ரோசலிக்குக் காரைக்காலிலிருந்து நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சைகோனில் பிரெஞ்சுத் துரைத்தன உத்தியோகம், லீவில் வந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் நடக்காது. ஈஸ்டர் கழியட்டும் என்றால் அதற்குள் மாப்பிள்ளையின் கப்பல் புறப்பட்டுவிடும். அப்புறம் மூன்று வருஷத்துக்கு மனிதரைப் பார்க்க முடியாது. ஆகவே தபசின் முதல் நாளான சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்தே ஆகவேண்டும். மாப்பிள்ளையின் தாயாருக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"ஒண்டிக்குடித்தனத்துல பொண்ணு எடுத்தோம்னு எங்க ஊர்ல சொல்ல முடியாதுங்க. சொந்த வூட்டுலேர்ந்து பொண்ணு கோயிலுக்குப் பொறப்படணும்."

அப்பா துணிந்து ஒரு மாடி வீட்டைப் பேசி முடித்தார். கீழே மூன்று அறை, மேலே ஒன்று. விற்றவர் மதலேன் அம்மாள் என்ற விதவை. கிரயப் பத்திரம் எழுதும் நொத்தேர், காகிதக் கட்டை மூன்று தடவை புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாடி கட்டறதுக்கு மேரியில குடுத்த அனுமதிக் காயிதம் எங்க?"

மேரி என்றால் எங்கள் ஊரில் நகரசபை. மதலேன் அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "இருந்துச்சி. கரையான் தின்னுடுச்சி."

"அப்போ மேரியில நகல் வாங்கியாங்க. அது இல்லாம நான் கையெழுத்து வாங்க மாட்டேன்."

மேரி வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் சவரிமுத்து என்பவரிடம் போகலாம் என்றார் அப்பா. நான் துள்ளி எழுந்தேன்.

"அவருக்கு பிரெஞ்சுல நாலு வரிக்கு மேல தெரியாதுப்பா!"

"நாலு வரி போதும்டா. காயிதம் காணும், நகல் குடுங்க. அவ்ளோதான?"

"அதை எப்படிக் கேக்கணும்னு ஒண்ணு இருக்கு இல்ல? நான் எழுதறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிள்ளையை எதற்காகப் படிக்க வைத்தோம் என்ற கேள்விக்கு அன்றைக்காவது பதில் கிடைக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். பாவம், சம்மதித்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பதினொரு பக்கம். முதல் இரண்டு பக்கங்களில் நகரசபையின் பெருந்தன்மை. மூன்றிலிருந்து ஐந்து வரை அக்காவின் கற்பு, குணம், தையல் திறமை. ஆறாம் பக்கத்தில் கரையான். (கரையானைப் பற்றி நான் எழுதியதை இன்றைக்குப் படித்தாலும் கண்ணீர் வரும், வேறு காரணத்துக்காக.) ஏழாம் பக்கத்தில்தான் வீடு வந்தது. நேரில் போய், முழம் போட்டு அளந்து, ஒரு மூலை விடாமல் வர்ணித்தேன். மாடிப்படியைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்: 'பொது வீதியின் மடியிலிருந்தே ஓர் அன்னம் சிறகை விரித்து எழுவதுபோல் எழுகின்றன இவ்வில்லத்தின் பதினான்கு படிகள்.'

மேரியில் ஒரு குமாஸ்தா வாங்கிப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் பொடி போட்டுக்கொண்டார். எட்டாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. மேல அனுப்பணும்."

நான் வீட்டுக்கு ஓடினேன். "மேல போவுதாம்மா! குமாஸ்தாவுக்குத் தாங்கலையாம்!"

மேலே போயிற்று. அங்கிருந்து இன்னும் மேலே போயிற்று. ஒரு வாரம் ஆயிற்று. கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னொரு வாரம் ஆயிற்று. இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை முடிந்தால் கல்யாணம்தான் பாக்கி, வீட்டைக் காணோம். நான் தினமும் மேரிக்குப் போனேன். "இப்போ நாலாவது மேசையில இருக்குது. அவரு ரசிச்சிப் படிக்கிறாரு" என்பார் குமாஸ்தா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவேன். அக்கா மட்டும் வாசலிலேயே நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதற்கு அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை.

ஒரு காலை, மதலேன் அம்மாள் வீட்டு வாசலில் ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் மேரி இஞ்சினீயர் துரை! கையில் என் மனு. பின்னால் அளவுச் சங்கிலி தூக்கிக்கொண்டு ஒரு சேவகர். தகவல் வந்து நானும் அப்பாவும் ஓடினோம்.

துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு மனு தம்முடைய உத்தியோகத்தில் வந்ததே இல்லை என்றார். என் வாக்கியங்கள் பலவற்றின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். எல்லாம் நயமான இடங்கள் என்று நினைத்துப் பூரித்தேன்.

"அன்னம்போல் எழும் அந்தப் படி எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இதோ, முசியே!" என்று நானே அழைத்துப்போய்க் காட்டினேன். "பதினான்கு படிகள்! தாங்களே எண்ணிப் பார்க்கலாம்!"

அவர் எண்ணவில்லை. சேவகர் சங்கிலியை இழுத்தார். துரை ஒரு பழைய பதிவேட்டைத் திறந்தார். அதில் மாடிக்கான அனுமதி பத்திரமாக இருந்தது. வீட்டுக்கு உள்ளே படி வைத்துக் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. மதலேன் அம்மாளின் காலஞ்சென்ற புருஷர், உள்ளே இடம் அடைக்கிறதென்று படியைத் தெருவில் கட்டிவிட்டிருக்கிறார்! துரை பொறுமையாக விளக்கினார். நான் பொறுமையாகக் கேட்டேன். அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது.

"என்னாடா சொல்றாரு?"

"என் பிரெஞ்சு ரொம்ப நல்லா இருக்குதாம்பா."

"சரி. அப்புறம்?"

"அனுமதி பதிவுல இருக்குதாம். நகல் குடுத்துடுவாராம்."

"மாதாவே! அப்புறம்?"

"படி தெருவுல நிக்குதாம். அதை இடிச்சப்புறம்தான் குடுப்பாராம்."

அப்பா தொப்பியைக் கழற்றித் துரைக்கு வணக்கம் சொன்னார். பிறகு அதே தொப்பியால் என் முதுகில் ஒன்று வைத்தார்.

குமாஸ்தாவிடம் ஓடிக் கெஞ்சினேன். "நாலு வரி எழுதியிருந்தா அன்னிக்கே பதிவைப் பாத்து நகல் எழுதிக் குடுத்திருப்பேனே தம்பி? எவன் வந்து பாக்கப்போறான்? நீ பொது வீதியின் மடின்னு எழுதிட்ட. நான் என்னா பண்ணுவேன்?"

இடிப்பது யார் என்று ஒரு சின்னத் தகராறு. "எழுதுனது உங்க புள்ள. நீங்களே இடிச்சுக்குங்க" என்று மதலேன் அம்மாள் தீர்ப்பு சொல்லிவிட்டார். மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள் கடப்பாரை விழுந்தது. அன்னம் ஒரே நாளில் தரையோடு தரையாயிற்று. நகல் வந்தது, நொத்தேர் கையெழுத்து வாங்கினார், வீடு எங்களுடையதாயிற்று. மாடி பரிபூரணமாகச் சட்டப்படி இருந்தது. ஏறத்தான் வழி இல்லை. உள்ளே படி கட்ட வேண்டுமானால் புதிதாக வரைபடம், புதிதாக மனு. ஈஸ்டருக்கு அப்புறம்தான் ஆகும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காரைக்காலார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், உரல் மாதிரி இருப்பார், வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாடி வூடுன்னு சொன்னீங்க. மாடி தெரியுது, வழியைக் காணுமே சம்பந்தி? வரைஞ்சி வச்சிருக்கீங்களா?"

மாப்பிள்ளையின் தாயார் முகம் கறுத்தது. அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். நான் கோயிலுக்கு ஓடி, புனிதர் சுரூபங்களுக்கு மாலை போடும் ஏணியைக் கேட்டு வாங்கித் தோளில் தூக்கி வந்தேன். மாமா ஏறினார். பத்து நிமிஷம் பிடித்தது. மேலே போய் ஜன்னலைத் திறந்தார். கடல் காற்று வந்தது. கீழே ஏணியைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"நான் இங்கியே இருந்துக்கறேன்" என்றார்.

இருந்தார். சாப்பாட்டைக் கூடையில் கட்டி மேலே இழுத்தோம். மறுநாள் காலை, நாலு பேர் பிடிக்க, கண்ணை மூடிக்கொண்டு இறங்கிக் கோயிலுக்கு வந்தார். "வூடுன்னா இது வூடு! என்னா காத்து!" என்று அவர் தங்கையிடம் சத்தியம் செய்ததில் அந்த அம்மாளின் முகமும் தெளிந்தது. அக்கா சொந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டுப் போய்த் தாலி கட்டிக்கொண்டாள். கப்பல் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

உள்படி ஈஸ்டருக்கு அப்புறம் வந்தது. மனு எழுதியவர் சவரிமுத்து.

வெளிப்படி இருந்த இடம், சுவரோரம் நல்ல நிழலாகக் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் காலை குப்பத்து மீன்காரி அஞ்சலை அங்கே கூடையை இறக்கிக் கடை போட்டுவிட்டாள். நாற்றம் தாங்காமல் அப்பா விரட்டப் போனார். அவள் நகரவில்லை.

"இது உங்க எடமா? தொர வந்து சங்கிலி போட்டு அளந்து குடுத்த எடம். உங்க புள்ள பதினோரு பக்கம் எழுதி எனக்கு வாங்கிக் குடுத்தாரு. தெருவுக்கே தெரியும்!"

அப்பா திரும்பி உள்ளே போய்விட்டார். அஞ்சலை நன்றி மறவாதவள். அன்று தொடங்கி, அம்மா எப்போது மீன் வாங்கினாலும் ஒரு சங்கரா கூடுதலாகப் போட்டு, "இது எழுத்துக்கார தம்பிக்கு" என்று சொல்லி அனுப்புவாள். அம்மா அதைத் தனியாகப் பொரித்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு, என் தட்டில் வைப்பாள்.

"சாப்புடுடா. உன் பிரெஞ்சு சம்பளம்."