பேட்டரி மிஷினும் பறிபோன ஷெட்டும்

உலகத்தைக் காப்பாற்றுவது என்று நான் முடிவு செய்தது ஒரு வியாழக்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டின் நடுவில்.

"இனிமே இந்த வீட்ல பெட்ரோல் புகை கிடையாது," என்றேன். "புல் வெட்டுற மிஷினைப் பேட்டரிக்கு மாத்தப் போறேன். வருங்காலத் தலைமுறை நல்லா மூச்சு விடணும்."

என் மனைவி தட்டிலிருந்து நிமிரவில்லை. "எந்தத் தலைமுறை? நம்ம பொண்ணா? அவ கல்யாணமாகிப் போய் வேற ஊர்லதானே மூச்சு விடுறா."

"பொதுவாச் சொன்னேன்."

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று மாமனார் கத்தினார். அவருக்குக் காது மந்தம். மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்.

"மூச்சு விடணுமாம்ப்பா!"

"விடட்டுமே, யாரு வேணாங்கிறா?"

யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. "நல்ல யோசனைதாங்க, வாங்கிடலாம்," என்று சொல்லிவிட்டு மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் வாய் திறந்த எந்த விஷயமும் இந்த வீட்டில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியதில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன? உலகம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன! நான் காப்பாற்ற நினைத்தது என் ஷெட்டை.

நான் வேலை பார்ப்பது ஓர் இன்சூரன்ஸ் ஆபீசின் புகார் கவுண்ட்டரில். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகும். திட்ட வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து வரிசையாக உட்கார வைப்பதும் நான்தான். சரி, வீட்டுக்கு வந்தாலாவது நிம்மதி உண்டா? ஹாலில் மாமனாரின் டிவி நியூஸ் வாசிக்கும். அடுத்த தெருவில் இருப்பவர்கள் நியூஸ் போடுவதையே விட்டுவிட்டார்கள். மகளின் அறையும் இப்போது மாமனாருக்குத்தான். எங்கள் படுக்கையறையில் பாதியை மனைவியின் தையல் மிஷின் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் ஊராரின் பேண்ட்டும் சட்டையும், பிரிக்கவும் பிடிக்கவும் காத்துக் கிடக்கும். படுக்கும்போதே யாருடைய காலையாவது தள்ளிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

என்னை யாரும் எதுவும் கேட்காத இடம் ஒன்று இருந்தது. தோட்டத்து மூலையில் இருந்த தகர ஷெட். உள்ளே ஒரு மடக்கு நாற்காலி, ஒரு ஸ்பேனர், பெட்ரோல் மிஷின். ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்ச் சுவர் தெரியும். சுவர் நம்மை ஒன்றும் கேட்காது. அதுவே எனக்குப் பெரிய காட்சி.

சனிக்கிழமை புல் வெட்டியாக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். வெட்ட அரை மணி நேரம் ஆகும். ஆனால் நான் ஷெட்டுக்குள் காலையில் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவேன். எப்படி என்கிறீர்களா? அந்த மிஷினில் பெட்ரோல் டேங்குக்குக் கீழே, பைக்கில் இருப்பது போலவே, ஒரு குட்டி டேப் உண்டு. அதை மூடிவிட்டால் ஸ்டார்ட்டர் கயிற்றைத் தலைகீழாய் நின்று இழுத்தாலும் என்ஜின் இருமக்கூட இருமாது. மனைவி சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கும் நேரத்தில் ஷெட் வாசலில் நின்று கயிற்றை நாலு இழு இழுப்பேன். நெற்றியைத் துடைப்பேன். தலையை ஆட்டுவேன். பிறகு நாற்காலி. சாயங்காலம் டேப்பைத் திறந்து ஒரே இழு. "ஒரு வழியா சரி பண்ணிட்டேன்!" என்று வெற்றி வீரனாய்ப் புல்லை வெட்டிவிட்டு வருவேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பல வருஷம் ஓடியது. அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரன் என்று எனக்குள் ஒரு நினைப்பும் இருந்தது.

அப்போதுதான் மனைவி அந்தக் குண்டைப் போட்டாள்.

"ஏங்க, அடுத்த வாரம் அண்ணன் வர்றாரு. வாரா வாரம் நீங்க படுற பாட்டைப் பார்க்கச் சகிக்கல. மிஷினைப் பார்த்துத் தரச் சொல்லியிருக்கேன்."

என் மச்சான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். சத்தத்தை வைத்தே லாரிக்கு என்ன நோய் என்று சொல்லுவார். என் மிஷினைப் பார்த்த மறு நொடி அவர் கை அந்த டேப்பில்தான் போய் நிற்கும். அப்புறம் சிரிப்பார். அவர் சிரித்தால் என் மாமனாருக்கே கேட்கும்.

இந்தக் கவலையோடு நான் வேலி ஓரமாய் நின்றபோதுதான் பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற அவர், கண்ணாடியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிற ரகம்.

"என்ன சார், முகம் வாடியிருக்கு?"

"மிஷின் மக்கர் பண்ணுது சார்."

"பேட்டரி மிஷின் வாங்கிடுங்க சார். ஒரே ஒரு தொல்லைதான். பாதிப் புல்லு வெட்டுறதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துடும். அப்புறம் மணிக்கணக்கா சார்ஜ் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்."

மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கணும்! என் காதில் தேன் பாய்ந்தது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஒரு பொறுப்பான ஆள் இருப்பதுதானே பாதுகாப்பு? எங்கே இருப்பது? ஷெட்டில்தான். இனிமேல் கயிறு இழுக்கும் நடிப்புகூட வேண்டாம்.

இப்படித்தான் நான் வருங்காலத் தலைமுறையின் மூச்சைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தேன்.

கடைக்கு மனைவியும் வந்தாள். துணிக்கடைக்குக் கிளம்புகிற வேகத்தில் எனக்கு முன்னால் நின்றாள். கடைப் பையன் மிஷினைத் தள்ளிக் காட்டினான். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டதெல்லாம் அவள்.

"தம்பி, எங்க ஷெட்டு தகரம். மத்தியானம் நல்லா சூடேறும். அங்க வெச்சு சார்ஜ் போடலாமா?"

"ஐயையோ, கூடாதுங்க! சூட்டுல பேட்டரி கெட்டுடும். இதைக் கழட்டிக்கலாம் பாருங்க. வீட்டுக்குள்ள காத்தோட்டமான இடத்துல வெச்சு சார்ஜ் போடுங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? நான் சமையல்கட்டுலயே போட்டுக்கிறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பையன் பக்கம் திரும்பினாள்.

"மிஷினை எங்க நிறுத்துறது தம்பி?"

"கைப்பிடியை மடக்கிட்டா கதவுக்குப் பின்னாலயே நிக்கும்மா. இதுக்கு ஷெட்டே தேவையில்லை."

"ஷெட்டே தேவையில்லையாம்ங்க!" என்று ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியத்தை வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கிளம்பும்போது திரும்பி நின்று கேட்டாளே ஒரு கேள்வி, அதில்தான் நான் செத்தேன்.

"இன்னொரு பேட்டரி தனியாக் கிடைக்குமா தம்பி?"

முதல் சனிக்கிழமை வந்தது. மிஷினை ஓட்டினேன். சத்தமே இல்லை. மேஜை விசிறிகூட இதைவிடச் சத்தம் போடும். பழைய மிஷின் ஓடும்போது பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. இதற்குப் பக்கத்தில் மனைவி நடந்தே வந்தாள். பேசிக்கொண்டே வந்தாள். குழாயில் தண்ணீர் சொட்டுவது, என் தங்கை போன் செய்யாதது, என் குறட்டை, நான் பெண் பார்க்க வந்த அன்று தலையைச் சரியாக வாராதது. எல்லாம் தெளிவாகக் கேட்டது.

பாதிப் புல்லில் மிஷின் நின்றது. ஸ்பேர் பேட்டரி அவளுக்கு ஞாபகம் வராது என்ற நப்பாசையில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார்ஜ் தீர்ந்துடுச்சு," என்றேன் சோகமாக. "இனி சாயங்காலம்தான்."

"எதுக்குச் சாயங்காலம்?" அவள் கையிலிருந்த துணிப்பையிலிருந்து டிபன் பாக்ஸ் போல இரண்டாவது பேட்டரி வெளியே வந்தது. பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. "மாட்டுங்க. எங்க விட்டேன், நீங்க தலை வாராததுலயா?"

ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதற்கு ஸ்பேர் பேட்டரியும் சேர்த்து வாங்கியிருந்தேன்.

வருவதாகச் சொன்ன மச்சான் வரவே இல்லை. மறுவாரம் பழைய மிஷினைக் கண்ணாடிக் கடைக்காரர் தள்ளிக்கொண்டு போனார். அது இருந்த இடத்தில் தையல் மிஷின் வந்து உட்கார்ந்தது. ஜன்னலுக்குத் திரை. மேலே ஒரு ஃபேன். என் மடக்கு நாற்காலி வெட்டின துணியெல்லாம் வைக்க வசதியாக இருந்ததாம்.

"ஷெட்டு சூடேறும்னு கடையில நீதானே சொன்னே?"

"பேட்டரிக்குத்தாங்க சூடு ஆகாது. எனக்கென்ன? ஃபேன் போட்டாச்சு."

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஹாலில் உட்கார்ந்தால் "மாப்பிள்ளை, ஆபீஸ் லீவா?" என்று மாமனார் நியூஸை மீறிக் கேட்பார். லீவு என்று சொன்னால் கேட்காது, கத்தினால், "ஏன் கோபப்படுறீங்க?" என்பார். படுக்கையறையில் தையல் மிஷின் போன இடத்துக்கு அலமாரி வந்துவிட்டது. ஒரு நாள் மனம் வெறுத்துப் போய், தெருமுனை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ் வந்து நின்றது. "ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் டிரைவர். அங்கேயும் கேள்வி. இத்தனை பெரிய பூமியில், ஒரு மனுஷன் சும்மா உட்கார ஒரு நாற்காலி போடுகிற அளவு இடம் இல்லை. உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக் கார் ஷெட் பாதி திறந்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரரிடம் கார் கிடையாது. உள்ளே ஒரு பழைய சோபாவில் அவர் சாய்ந்திருந்தார். மடியில் ஸ்பேனர். எதிரே என் மிஷின். அவர் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு காலத்தில் அது என் முகத்தில் இருந்த அமைதி.

"வாங்க சார், உட்காருங்க," என்று நகர்ந்து இடம் கொடுத்தார். "ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. வாரா வாரம் மல்லுக்கட்டுறேன்."

"உங்க வீட்டைச் சுத்தி சிமெண்ட் தரைதானே சார்? புல்லே இல்லாம மிஷின் எதுக்கு?"

"ரிப்பேர் பண்ணி வித்துடலாம்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன்."

நான் குனிந்து பார்த்தேன். டேப் மூடியிருந்தது.

"சார்," என்றேன் மெதுவாக, "இந்த டேப் விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாதான் சார். மிஷினை வாங்கிக்கச் சொன்னப்பவே சொல்லிட்டாங்க. 'டேப்பை மூடி வெச்சீங்கன்னா நாள் பூரா யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க, எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் வெச்சிருந்தார்'னாங்க. உங்ககிட்ட பேட்டரி மிஷினைப் பத்திப் பேச்செடுக்கச் சொன்னதும் அவங்கதான். சார்ஜ் தீர்றதை மறக்காம அழுத்திச் சொல்லணும்னாங்க."

எழுந்தேன். வேலியைச் சுற்றிக்கொண்டு நேரே என் ஷெட்டுக்குப் போனேன். என் ஷெட்டின் கதவை நானே தட்ட வேண்டியிருந்தது.

மனைவி யாருடைய பேண்ட்டுக்கோ அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஃபேன் சுற்றியது. திரை ஆடியது. ஜன்னலில் அதே சுவர்.

"டேப் விஷயம் உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"மொதல் வாரத்துலேருந்தே தெரியுமே," என்றாள், தையலை நிறுத்தாமல்.

"அப்புறம் ஏன் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்கல?"

"எதுக்குக் கேட்கணும்? நீங்க ஷெட்டுக்குள்ள இருந்தாத்தானே எனக்கு வீட்ல கொஞ்சம் நிம்மதி."

"பின்னே ஏன் இப்ப என்னை வெளியே தள்ளினே?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது.

அவள் மிஷினை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம்கூட வாடியது.

"அப்பா வந்ததுக்கப்புறம் வீட்ல நிம்மதி ஏதுங்க? நீங்க தினமும் ஆபீசுக்காவது போயிடுறீங்க." பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "அங்க அப்பா கூப்பிடுறாரு பாருங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."