பன்னெண்டும் தும்பைப் பூவும்

மனிதர்களைப் படமெடுக்காத போட்டோகிராபர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் விருத்தாசலத்தில் இருந்தார். அறுபதுகளின் கடைசியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க்காகக் குப்பை கொட்டிய பீங்கான் கம்பெனியில், சூளையில் நெருப்பு பார்க்கும் வேலை அவருக்கு. அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஊருக்கு அவர் பன்னெண்டு.

அவருடைய பெட்டிக் கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மாதம் ஒரு ரோல்தான் வாங்குவார். எருக்கம்பூ, ஈரச் சுவரில் நத்தை போன தடம், களிமண் காய்ந்து வெடித்த கோடு என்று பன்னிரண்டும் தீர்ந்துபோகும். "எங்களையும் ஒண்ணு எடேன்யா" என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும்.

"மனுஷங்கள எடுக்க டவுன்ல மூணு ஸ்டுடியோ இருக்குது. எருக்கம்பூவுக்கு யாருங்க இருக்காங்க?"

இது தெரிந்தும் எங்கள் ஆபீஸ் பியூன் தன் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டான். மனிதர் வந்தார். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் மேடையைப் பார்க்க, இவர் மேடைக்குக் கீழே குப்புறப் படுத்துக்கிடந்தார். படங்கள் வந்தன. பதினொரு படத்திலும் எறும்புகள் அட்சதை அரிசியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. பியூன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

"இதுல நான் எங்கண்ணே?"

"பன்னெண்டாவதப் பாரு. ஓரத்துல தெரியிற கால் கட்டவெரலு உன்னுதுதான்."

வெளிச்சத்தை அளக்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. சூளையின் ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்கிற கண் அது. வெயிலையும் அப்படித்தான் பார்ப்பார். காலையில் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னும் வேகலீங்க, அரை மணி ஆவட்டும்" என்பார். நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

இப்படியே போயிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஒரு நாள் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் பூப்போட்ட டீ கோப்பைகள் கேட்டு எழுதினார். மேனேஜர் ரோஜா என்று முடிவு செய்தார். சூளை வாசலில் இருந்த பன்னெண்டு, கரி படிந்த கையோடு ஆபீசுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"சார், இந்த ஊர்ல யாரு வூட்டுல சார் ரோஜா இருக்குது? தும்ப போடுங்க சார்."

"தும்பையா? அது என்னய்யா, களைதானே?"

"ஒரு தபா கிட்டப் பாத்தீங்கன்னா அப்பிடிச் சொல்ல மாட்டீங்க."

மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டோ கொண்டா. எனக்குப் பிடிச்சா தும்பை. இல்லேன்னா ரோஜா. அப்புறம் இதப் பத்திப் பேசக்கூடாது" என்றார். அன்று திங்கட்கிழமை.

தும்பைப் பூ அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. பெட்டிக் கேமராவோ ஐந்தடிக்குக் கிட்டே போனால் எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். பன்னெண்டு யோசித்து, என் மூக்குக் கண்ணாடிமேல் கண் வைத்தார். எனக்குத் தூரம் நன்றாகத் தெரியும், எழுத்து மட்டும் கண்ணாடியில்லாமல் தெரியாது.

"கிளார்க்கு சார், அத்தக் கொஞ்சம் கழட்டுங்க."

கேமராவின் முன்னால் என் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு கம்பெனிச் சுவரோரம் படுத்துவிட்டார். மூன்று நாள் காலை ஷிப்டு முடிந்தவுடன் இதே வேலை. அந்த மூன்று நாளும் நான் உத்தேசமாக விலாசம் எழுதினேன். ஸ்ரீமுஷ்ணம் போகவேண்டிய பெட்டி பெண்ணாடம் போய்ச் சேர்ந்தது. வசவு எனக்கு.

செவ்வாய்க்கிழமை காற்று விடவில்லை. புதன்கிழமை, இவர் அசையாமல் கிடப்பதைப் பார்த்த மங்கலம்பேட்டை பாய் ஒருவர், மயக்கம் போட்டுவிட்டார் என்று பதறி ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டார். வியாழக்கிழமை காற்று நின்றது, வெயில் வெந்தது, பன்னெண்டு மூச்சைப் பிடித்தார். ஒரு ஆடு வந்து செடியோடு மேய்ந்துவிட்டுப் போனது. நான் சிரித்துவிட்டேன். மனிதர் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, நாலடி தள்ளி இருந்த அடுத்த செடியின் பக்கத்தில் போய்ப் படுத்தார். அப்போதுதான் எனக்குச் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போட்டோ வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் சுவரின் நிழல் கன்னங்கரேல் என்றிருக்க, அதற்கு முன்னால் ஒரே ஒரு தும்பைப் பூ, சின்ன உதட்டை நீட்டிக்கொண்டு பளீரென்று நின்றது. மேனேஜர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "தும்பையே போடுங்க, முதல்ல ஆறு கோப்பை" என்றார்.

பூ வரையும் ருக்குமணியம்மா போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு கோப்பையிலும் இழை இழையாக வரைந்தார். பன்னெண்டே நெருப்பு பார்த்தார். சூளை ஆறிக் கதவு திறந்தபோது கம்பெனியே கூடிநின்றது. ஆறு வெள்ளைக் கோப்பைகள் வந்தன. ஆறிலும் பச்சை இலை மட்டும் இருந்தது.

"பூ எங்கய்யா?" என்றார் மேனேஜர்.

ருக்குமணியம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயையோ அண்ணே! வெள்ள மேல வெள்ளயப் போட்டுட்டனே!"

எண்ணெயில் குழைத்த வெள்ளைச் சாயம் வரையும்போது மங்கிய மஞ்சளாகத்தான் இருக்கும். சூளையில் எண்ணெய் எரிந்த பிறகுதான் சுத்த வெள்ளையாகும். அத்தனை வருடம் சிவப்பு ரோஜாவே வரைந்ததால் யாருக்கும் இது உறைக்கவில்லை. நெருப்பைக் கரைத்துக் குடித்த பன்னெண்டுக்கும் உறைக்கவில்லை. கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் ரோஜாவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. ஆறுதல் சொல்லலாம் என்று போனேன்.

"விடுங்கண்ணே, போனாப் போவுது."

"தப்பு பூ மேல இல்லீங்களே, கோப்ப மேலதான? ஊறுகா ஜாடிக்குப் போடுற பழுப்பு மெருகுல ஒரு கோப்ப முக்கி எடுத்தா?"

"ஆர்டர்தான் போயிடுச்சே!"

"ஆர்டரு போவட்டுங்க. மேனேஜரு பாக்கணும்."

ருக்குமணியம்மாவைக் கெஞ்சி வரையவைத்து, பத்து நாளில் ஒரே ஒரு பழுப்புக் கோப்பையோடு மேனேஜர் முன்னால் போய் நின்றார். இதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே பேசாமல் கோப்பையை மேஜைமேல் வைத்தார். பழுப்பின்மேல் தும்பை பூத்து நின்றது.

மேனேஜர் கோப்பையை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர்டர் ரோஜாதான்யா" என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைக்காமலே, "ஆமா, இது எங்க பூக்குது?" என்று கேட்டார்.

"செவுத்தோரம் மட்டுமில்ல சார், நம்ம புங்கமரத்து நெழல்லயும்தான். நீங்க டெய்லி ஸ்கூட்டர் ஏத்தி நிறுத்துற எடத்துல."

மறுநாள் காலை மேனேஜருடைய ஸ்கூட்டர் நிழலை விட்டுப் பத்தடி தள்ளி, வெட்டவெளியில் நின்றது. நானும் என் சைக்கிளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது சீட்டு அனலாகக் கொதித்தது. பன்னெண்டுக்காகக் கொதித்துவிட்டுப் போகட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன்.