ஒரு சதவீத வெளிச்சம்

நூற்றுக்கு ஒரு பங்கு வெளிச்சம் கூடுதலாக இருந்தது. அது எங்கிருந்து வருகிறதென்று மைசூர் ஆய்வுக்கூடத்தை நடத்தும் கோபாலராஜ அர்ஸுக்குத் தெரியவில்லை.

எல்லா இடத்திலும் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, ஒரே விளக்கும் ஒரே ஒளிமானியும் நான்கு ஊர் ஆய்வுக்கூடங்களைச் சுற்றிவிட்டு மைசூருக்கு வந்திருந்தன. நான்கு ஊரிலும் ஒரே எண். மைசூரில் மட்டும் ஒரு சதவீதம் அதிகம். காரணத்தை நேரில் பார்க்கக் கொல்கத்தாவிலிருந்து வந்த சுமித்ரா லாஹிரி, இருட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்த அம்மையார். அவர் வேலை பழகியதே இந்த அறையில்தான், கோபாலராஜரின் தகப்பனாரிடம்.

அந்தத் தகப்பனார் லிங்கராஜ அர்ஸ், ஆய்வுக்கூடத்தை நிறுவியவர். மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையோடு அவர் படம் வாசலில் மாட்டியிருந்தது. வீட்டிலும் அதைக் கழற்றாத கௌரவம் அவருடையது. பெற்ற மகனே அவர் தலையைப் பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே, மற்ற விளக்குகளுக்கெல்லாம் ஆதாரமென்று அவர் அளந்து வைத்த தாய்விளக்கின் ஒளியளவு பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணை யாராவது சந்தேகித்தால் கோபாலராஜர் அன்று சாப்பிடமாட்டார்.

"நாலு ஊரும் தப்பா அளந்திருக்கலாம் மேடம்."

"நாலு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே தப்பா?" என்றார் அம்மையார்.

இருட்டறையில் சுவர், கூரை, மேசை எல்லாமே கறுப்பு. வெள்ளையாகவோ பளபளப்பாகவோ எதுவும் இருந்தால், விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து ஒளிமானிக்குள் போய்விடும். கோபாலராஜர் சுற்றிலும் பார்த்தார். உதவியாளர் மங்களகௌரியின் கொண்டையில் மல்லிகைச் சரம் தெரிந்தது.

"இருட்டறைக்குப் பூ வச்சுக்கிட்டா வர்றது? எடும்மா அதை."

அன்று அவளுக்குத் திருமண நாள். எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தாள். எண் அசையவில்லை. வளையலையும் கழற்றச் சொன்னார். அப்போதும் அசையவில்லை.

பிறகு அவர் பார்வை அம்மையாரின் வெள்ளைப் புடவைக்குப் போயிற்று. விருந்தாளியிடம் சொல்ல நாக்குக் கூசியது. ஆனால் குடும்பப் பெயர் இருக்கிறதே. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கறுப்பு அங்கியை நீட்டினார். அம்மையார் அதை மாட்டிக்கொண்டு, வக்கீல் மாதிரி இருக்கிறேனா என்று மங்களகௌரியைக் கேட்டார்.

எண் அப்படியே இருந்தது.

கோபாலராஜர் மறுபடி குனிந்தார். ஒளிமானிக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய் அளவுகோலைக் கண்ணால் சரிபார்ப்பது தகப்பனார் விட்டுப்போன வழக்கம். மற்ற ஊர்களில் அடுத்த அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறார்கள். அது சோம்பேறித்தனம் என்பது இவர் கட்சி. வியர்த்துக் கொட்டவே, கைக்குட்டை எடுக்க வெளியே போனார்.

"சார், எண் இறங்கிடுச்சு," என்றாள் மங்களகௌரி.

ஓடிவந்து குனிந்தார். ஏறிவிட்டது. விலகினார். இறங்கியது. மறுபடி குனிந்தார். ஏறியது.

மங்களகௌரி கறுப்புச் சுவரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபாலராஜரின் கை தானாகவே தன் வழுக்கையைத் தடவியது. அவளிடம் பூவை எடுக்கச் சொன்ன தன் குரல் அவர் காதிலேயே திரும்பக் கேட்டது. தரை பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

விளக்கு மூடும் கறுப்புத் துணியை மங்களகௌரி நீட்டினாள். "கட்டிக்குங்க சார். பூவை எடுக்கறதை விட இது சுலபம்தான்."

கட்டிக்கொண்டு குனிந்தார். நான்கு ஊர் எண் வந்தது. முகம் எரிந்தாலும், காப்பாற்ற இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

"தப்பு என் தலையோடது மேடம். இது அம்மா வழி வழுக்கை, மாமன்மாருக்கெல்லாம் இருக்கு. அப்பா போட்ட எண்ணுல குத்தமே கிடையாது. இப்பவே காட்டறேன்."

அம்மையார் அவசரமாக வேண்டாமென்றார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். கோபாலராஜர் கேட்கவில்லை. தாய்விளக்கைக் கொண்டுவந்து ஏற்றி, துணி கட்டிய தலையோடு நிமிர்வாகப் போய்க் குனிந்தார்.

தகட்டில் இருந்ததைவிட ஒரு சதவீதம் குறைவு.

மெதுவாகத் துணியை அவிழ்த்துவிட்டுக் குனிந்தார். தகட்டு எண் பிசகாமல் வந்தது.

திறந்த கதவு வழியே, பேட்டா அணிந்த படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். அம்மையார் அங்கியைக் கழற்றி மடித்தார்.

"எங்கேயும் பேட்டாவைக் கழட்டாத மனுஷன், இந்த ரூமுக்குள்ள மட்டும் கழட்டி வச்சிடுவாரு, விளக்குச் சூடு தாங்கலைன்னு."