விரல் குறைந்த தவளையின் மகத்துவம்

தவளை விஞ்ஞானத்தின் தலைநகரம் லண்டன் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அறியாமைதான். அது ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில், ஒரு முலாம் பூசும் ஆலையின் கழிவுக் குழாய் வாய்க்காலில் விழுகிற இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர், திருச்சியில் விலங்கியல் கற்பிக்கும் பேராசிரியர் ரத்தினவேல்.

மனிதர் ஓய்வு பெறப் போகிறார். கூடப் படித்தவர்கள் பெயரில் பாம்பு இருக்கிறது, பல்லி இருக்கிறது, ஓர் உண்ணிகூட இருக்கிறது. இவர் பெயரில் ஒரு தலைப்பிரட்டை இல்லை. அந்த ஏக்கத்திலேயே பாதியாக இளைத்துப் போயிருந்தார், பாவம்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேணி மனு கொடுத்தாள். வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். வாய்க்காலில் இறங்கித்தான் மடை திறக்க வேண்டும். இறங்கினால் எரிகிறது, அங்கே இருக்கிற தவளைகளுக்குக் கால் விரலே இல்லை, தயவுசெய்து குழாயை அடையுங்கள் என்று எழுதியிருந்தாள். மேலிடம் உடனே விழித்துக்கொண்டது. எரிச்சலை விட்டுவிட்டுத் தவளையைப் பிடித்துக்கொண்டு, ஒரு "வல்லுநர் குழு" அமைத்தது. குழுவின் ஒரே உறுப்பினர் ரத்தினவேல். அவருக்குக் கொடுத்த கேள்வியும் ஒன்றுதான்: விரல் இல்லாதது நோயா, இனமா? நோயென்றால் ஆலை குழாயை அடைக்க வேண்டும். பிறவியிலேயே விரல் குறைந்த தனி இனமென்றால் தண்ணீர்மேல் குற்றமில்லை.

ரத்தினவேல் உருப்பெருக்கியும் கையுமாக உட்கார்ந்தார். மூக்கின் கூர்மை, செவிப்பறையின் அகலம், முதுகு மருக்களின் வரிசை, விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு, ஆணின் தொண்டைப் பை என்று ஒன்று விடவில்லை. இரட்டைப் பிறவிகள் போலிருக்கும் தவளை இனங்களை இப்படித்தான் பிரித்தறிய வேண்டும். எல்லாமே சாதாரண வயல் தவளையோடு அச்சு அசலாகப் பொருந்தின, விரலைத் தவிர.

"சார், இது வயல் தவளையேதான்," என்றாள் அவருடைய ஆய்வு மாணவி பவித்ரா. "ஒண்ணுக்கு இடது கால்ல விரல் இல்ல, இன்னொண்ணுக்கு வலது கால்ல இல்ல."

"அப்ப ரெண்டு இனம்மா."

"குழாய்க்கு மேல பிடிச்சதுக்கெல்லாம் விரல் சரியா இருக்கு சார்."

"அதுக்குப் பேருதான் வாழிட எல்லை. எழுதிக்க."

பவித்ரா எழுதிக்கொண்டாள். அவளுடைய முனைவர் பட்டத்துக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே விஞ்ஞானம் அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

அறிவிப்பு விழா மன்னார்புரத்தில், ஏசி மண்டபத்தில் நடந்தது. உபயம்: ஆலை. அதன் மேலாளர் ஜெயக்குமார் மேடையேறி, நாங்கள் ஏதோ முலாம் பூசிப் பிழைக்கிறோம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம், உயிரினத்தையே வளர்த்து வந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிகிறது என்று நா தழுதழுக்கச் சொன்னார். அரிய இனத்தின் வாழிடத்தைக் கலைப்பது பாவம் அல்லவா? அதனால் குழாயை அடைக்கக் கூடாது, முடிந்தால் அகலப்படுத்த வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தவளைக்கு ரத்தினவேலின் பெயரைச் சூட்டியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இனத்தை முதலில் "கவனப்படுத்தியவர்" என்ற முறையில் வேணியையும் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் அதை வாங்கவில்லை. பேராசிரியருக்கு எதிரே போய், மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து செக்கச்செவேல் என்று இருந்தது. சில விரல்களில் நகம் இல்லை.

"வாய்க்கால்ல இறங்குற எல்லாருக்கும் இப்படித்தாங்க சார் இருக்கு," என்றாள். "தவளைக்கு வச்ச மாதிரி எங்களுக்கும் ஒரு பேரு வச்சிடுங்க."

ரத்தினவேல் குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார். விஞ்ஞானி ஆயிற்றே, பழக்க தோஷத்தில் அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் அளவுகோலைத் தேடியது.